ஓரத்தை வெட்டினால் காடு

பொள்ளாச்சியில் குடியிருந்துகொண்டு கேமரா வாங்காமல் இருப்பதற்கு அசாத்தியமான மனவுறுதி வேண்டும். மொட்டை மாடிக்கு வடகம் காயவைக்கப் போனால்கூடத் தெற்கே ஆனைமலை வந்து நிற்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் அதைப் பார்த்தவனுக்குப் பத்து மணி வரைக்கும் வேறு வேலை ஓடாது. எனக்கு அந்த மனவுறுதி உத்தியோகத்தில் இருந்தவரை இருந்தது. ஓய்வூதியப் பணம் கணக்கில் வந்து விழுந்த வாரத்தில் அதுவும் ஓய்வுபெற்றுவிட்டது.

கேமரா வாங்கியவனை உலகம் அதோடு விடுவதில்லை. "லென்ஸ்?" என்று கேட்கிறது. கடைக்காரத் தம்பி ஒரு 150-600 லென்ஸை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு கிலோ. "இதப் போட்டீங்கன்னா எதிர்மலையில நிக்கற ஆடு உங்க மடியில வந்து உக்காந்துக்கும் சார்" என்றார். வீட்டம்மா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் காசுக்கு ஏழெட்டு ஆடே வாங்கலாமுங்களே, நெசமாவே மடியில உக்காருமே" என்றாள். தம்பி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. லென்ஸ் வீட்டுக்கு வந்தது.

ஆழியாறு அணையைத் தாண்டினால் வால்பாறை மலைப்பாதை. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 1/40, 2/40 என்று பலகை வைத்திருப்பார்கள். குமட்டல் வருகிறவர்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குப் போட்டுக்கொள்ள அது ரொம்ப உபயோகம். ஒன்பதாவது பெண்டில்தான் வரையாடு நிற்கும். பொள்ளாச்சிக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வரையாட்டுக்கும் தெரியும்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைக் காப்பாற்ற 2022-இல் அரசு சுமார் 25 கோடி ரூபாயில் தனித் திட்டமே போட்டது. அக்டோபர் 7-ஆம் தேதியை வரையாடு தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள் என்று வந்தது. இவ்வளவு பெரிய மனுஷனை எங்கே போய்ப் பார்ப்பது? நாம் பார்த்த படங்களில் எல்லாம் செங்குத்தான பாறை விளிம்பில், கீழே பாதாளம், பின்னால் மேகம் என்று நிற்கும். வளர்ந்த கிடாவுக்கு முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு ஒன்று விழுந்திருக்கும். அதன் முகத்தில் ஒரு அலட்சியம்.

ஒன்பதாவது பெண்டிலும் அந்த அலட்சியம் அப்படியே இருந்தது. ஆனால் நின்ற இடம் பாறை விளிம்பு அல்ல, சாலையோரத் தடுப்புச் சுவர். சுவரில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்கள். வலது பக்கம் 9/40 பலகை. இடது பக்கம் ஒரு குடும்பம் காரை நிறுத்தி, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு மேலே, விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு. அதற்குக் கீழே ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். ஆடு அறிவிப்பையும் படிக்கவில்லை, சிப்ஸையும் சட்டை செய்யவில்லை. அங்கே இருந்தவர்களில் சட்டத்தை மதித்தது அது ஒன்றுதான்.

நான் லென்ஸை மாட்டி, கண்ணை வைத்தேன். ஆடு என்னைப் பார்த்து நடந்து வந்தது. கடைக்காரத் தம்பி சொன்னது பலித்துக்கொண்டே வந்தது. ஆனால் அவர் சொல்லாத ஒரு விஷயம், இந்த லென்ஸ்களுக்கெல்லாம் ஒரு குறைந்தபட்ச மரியாதைத் தூரம் உண்டு. இரண்டரை மீட்டர் வாக்கில் தள்ளி நின்றால்தான் அதற்கு முகம் தெரியும். அதற்குள்ளே யார் வந்தாலும், மாநில விலங்கே ஆனாலும், மங்கல். தொலைவில் இருப்பதைக் கிட்டே கொண்டுவர ஒரு லட்சத்தை நெருங்கிச் செலவு பண்ணினவன், கிட்டே வந்ததைத் தொலைவுக்குத் துரத்துவதற்கு வழி தெரியாமல் நின்றேன். ஆடு நகராது. அப்படியானால் நான்தான் நகர வேண்டும். பின்னால் நகர்ந்தால் கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து இறங்கி வந்த பேருந்தின் நடத்துனர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ் பெரியவரே, ஆடே ஓரமா நிக்குது, நீங்க ஏன்யா நடுரோட்ல?" என்றார்.

அங்கே அடிக்கடி வருகிற ஒரு தம்பிதான் உபாயம் சொல்லிக்கொடுத்தார். "படுத்துருங்க சார்." தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் கேமராவை மேல்நோக்கிப் பிடித்தால் சாலை மறைந்துவிடும், கார் மறைந்துவிடும், டிபன் பாக்ஸ் மறைந்துவிடும். ஆட்டின் பின்னால் வெறும் வானமும் மேகமும். மீதி இருக்கிற தடுப்புச் சுவரை வீட்டுக்குப் போய்க் கீழே ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளலாம். பார்க்கிறவன் இமயமலை என்பான்.

முழங்கால் ஒத்துழைத்தவரை படுத்தேன். தார்ச்சாலை சுட்டது. இரண்டு நல்ல படம் கிடைத்திருக்கும். அதற்குள் வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், ரோட்டோரம் ஒரு வயசானவர் குப்புறக் கிடந்து ஒரு கண்ணை மூடி வாயைக் கோணிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஐயோ, வலிப்பு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் வலது கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டார். நல்ல மனசு. எழுந்து விளக்கம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. வேனில் இருந்த எல்லோரும் ஆட்டை விட்டுவிட்டு என்னைப் படமெடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய போனில் நான் ஓரம் வெட்டப்படாமல் முழுசாக இருப்பேன்.

இந்த ஓரம் வெட்டும் வேலைதான் எங்கள் பக்கத்து மலையில் காட்டுயிர்ப் படம் எடுப்பதன் உயிர்நாடி என்று மேலே ஏறின பிறகு இன்னும் நன்றாகப் புரிந்தது. வால்பாறை காடாக இருந்த இடம். 1890-களில் காப்பி போடக் காட்டை வெட்ட ஆரம்பித்தார்கள், பிறகு தேயிலை வந்தது. இன்றைக்கு 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலையும் காப்பியும் நிறைந்திருக்க, அதன் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோலைகள் துண்டு துண்டாகத் தங்கியிருக்கின்றன. சுற்றிலும் புலிகள் காப்பகம். விலங்குகள் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகத் தோட்டம் வழியாக, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வழியாக, பள்ளிக்கூட மைதானம் வழியாகத்தான் போயாக வேண்டும். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் மனுஷன் செய்த ஏதோ ஒன்று உள்ளே வந்து நிற்கும்.

நிற்கட்டுமே என்று விட்டுவிடலாம். விடாது, போட்டி.

படம் எடுக்கிறவன் நாளடைவில் போட்டிக்கு அனுப்ப ஆரம்பிப்பான். இது ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருகிற நோய். சர்வதேச அளவில் ஃபியாப் என்ற புகைப்படக் கூட்டமைப்பு, அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து 'இயற்கைப் படம் என்றால் என்ன' என்று ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கின்றன. உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்களும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். நான் அதை வருமான வரிச் சட்டத்தைப் படித்த கவனத்தோடு படித்தேன். மனித சம்பந்தமான எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. மனிதன் வளர்த்த செடி கூடாது. வீட்டு விலங்கு கூடாது. கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. ஆனால் ஓரத்தை வெட்டலாம். அதாவது, ஆட்டின் பக்கத்தில் இருக்கிற பலகையை அழித்தால் மோசடி. வெட்டினால் கலை.

தேயிலை வளர்ப்புச் செடியில் சேரும். ஆகவே காட்டுமாடு படத்துக்குள் வரலாம், அது நிற்கிற இடம் வரக்கூடாது. வால்பாறையில் காட்டுமாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தேயிலைக்கு நடுவில் இடுப்பளவுக்குப் புதைந்துதான் நிற்கும். ஒரு டன் எடை வரைக்கும் வளரக்கூடிய ஜீவன். நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டிருக்கும், அதுதான் அதன் அழகே. அந்தக் காலுறை முழுக்கத் தேயிலைக்குள். நான் விதிப்படி கீழே வெட்டினேன், பின்னால் தெரிந்த ஃபாக்டரிப் புகைபோக்கிக்காக மேலே வெட்டினேன், தண்ணீர்த் தொட்டிக்காக இடது பக்கம் வெட்டினேன். ஒரு தலை மிஞ்சியது. சட்டம் போட்டு மாட்டினேன். மாமியார் ஊரிலிருந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "நம்ம தெக்காலத் தோட்டத்து எருமைங்களா மாப்பிள்ளை? நல்லா லட்சணமா இருக்குது" என்றார்கள்.

வெட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. 24 மெகாபிக்சல் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் மூன்றில் ஒன்றாக வெட்டினால் கையில் மிஞ்சுவது 3 மெகாபிக்சலுக்கும் குறைவு. இருபது வருஷத்துக்கு முந்தைய போன் கேமராவின் தரம். எங்கள் புகைப்படக் குழுவில் 'லென்ஸ் அண்ணன்' என்று ஒருவர் இருக்கிறார். இந்தக் குறையைத் தீர்க்க அவர் அடுத்தடுத்து பெரிய கேமராவாக வாங்கிக்கொண்டே போகிறார். அவரிடம் எந்தப் படத்தைக் காட்டினாலும் படம் கண்ணுக்குத் தெரியாது. "ஐஎஸ்ஓ எவ்ளோ வச்சீங்க? ஷட்டர்?" என்பார். ஒருநாள் நான் வேண்டுமென்றே என் பேரன் முதல் பிறந்தநாள் படத்தைக் காட்டினேன். "எஃப் 2.8-ல எடுத்திருந்தா பின்னாடி இருக்கறவங்க மறைஞ்சிருப்பாங்க" என்றார். பின்னாடி இருந்தது என் மகளும் மருமகனும்.

அவரிடம் மா. கிருஷ்ணனைப் பற்றி நான் சொல்லிப் பார்த்ததுண்டு. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டைப் பற்றி எழுதியவர். பல இடத்து உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அதை வைத்துக்கொண்டு யானைகளை அவர் எடுத்த படங்களை இன்றைக்கும் வாய் பிளந்து பார்க்கிறோம். லென்ஸ் அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த மாடல் இப்ப வருதுங்களா?" என்றார்.

புதுத்தோட்டத்துக்குப் போகாமல் வால்பாறைக் கணக்கு முடியாது. சோலைமந்தியின் ஊர் அது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போலக் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. மொத்தமே சில ஆயிரம்தான். மரத்தின் உச்சியிலேயே பிறந்து, உச்சியிலேயே தின்று, தரையைத் தொடாமல் வாழக்கூடியது என்று புத்தகம் சொல்கிறது. புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. சோலை சுருங்கி, நடுவில் ரோடும் வந்துவிட்டதால் இறங்கிவிட்டன. மரத்துக்கு மரம் அவை கடப்பதற்காக ரோட்டுக்கு மேலே தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் கையைக் காட்ட ரோட்டில் ஆட்களும் நிற்கிறார்கள். மந்திகள் சில சமயம் பாலத்தில் போகின்றன. சில சமயம் அதைப் பார்த்துக்கொண்டே கீழே நடந்து போகின்றன. நடைமேம்பாலம் கட்டிய ஊர் எதில்தான் மக்கள் அதில் ஏறிப் போகிறார்கள்?

நான் போனபோது ஒரு ஆண் மந்தி லைன் வீட்டுக் கூரைமேல் இருந்த டிஷ் ஆண்டெனாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அப்படியொரு கம்பீரம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து பிடரியில் விழுகிறது. நான் நடுங்கிக்கொண்டே ஃபோகஸ் பண்ணுகிறேன். ஆண்டெனா, கூரைத் தகடு, கொடியில் தொங்கிய பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் எந்தப் பக்கம் வெட்டுவது என்று மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வாசலில் ஒரு அக்கா கையில் குச்சியோடு நின்றிருந்தார்.

"எடுத்துக்கங்க சார். போட்டோவுக்கு நல்லா நிக்கும்."

"பழக்கமானதுங்களாக்கா?"

"எங்க வீட்டு ரேஷன் கார்டுல பேரு மட்டும்தான் இல்ல. நீங்க சீக்கிரம் எடுத்தீங்கன்னா நான் விரட்டிருவேன். உங்களுக்காகத்தான் நிக்கேன்."

"பாவம், அரிய இனமில்லையா..."

"அரிய இனந்தான் சார். முட்டையும் எங்களுக்கு அரிய இனந்தான். முப்பது முட்டை அட்டையோட போச்சு போன வாரம்."

சொல்லிக்கொண்டே இருக்கும்போது இரண்டாவது மந்தி ஒன்று அவருடைய அடுக்களை ஜன்னல் வழியாக வெளியே வந்தது. கையில் ஒரு முட்டை. கூரை ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, மேல் ஓட்டை மட்டும் பக்குவமாக உடைத்துக் குடித்தது. என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அது. வெட்டிய பிறகு மந்தியும் முட்டையும் கறுப்பாக ஒரு நிழலும் மட்டும்தான் இருந்தன. அக்காவின் வசவு படத்தில் விழாது என்பது ஒரு சௌகரியம்.

அதை இயற்கைப் பிரிவுக்கு அனுப்பினேன். நடுவர்கள் மூன்று பேர். விவாதம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒருவர், பறவையின் கூட்டிலிருந்து எடுத்த முட்டை என்று எண்ணி முழு மார்க்கும் போட்டுவிட்டார். இரண்டாமவர் பண்ணைக்காரர். இது கோழிமுட்டை, அதுவும் வெள்ளை லெகார்ன் முட்டை என்று ஆளைப் பிடித்துவிட்டார். கோழி வீட்டுப் பிராணி, ஆகவே படம் தள்ளுபடி. மூன்றாமவர் வக்கீல். விதியில் வீட்டுப் பிராணி கூடாது என்றுதான் இருக்கிறது, முட்டை பிராணி ஆகுமா என்று எழுப்பினார். கோழியிலிருந்து முட்டையா, முட்டையிலிருந்து கோழியா என்று மதியச் சாப்பாடு வரைக்கும் போயிருக்கிறது. சாப்பாட்டில் முட்டை இருந்ததாகவும், அதன்பிறகு ஒருமனதாகத் தள்ளுபடி செய்ததாகவும் தகவல்.

எனக்கு ஆற்றாமை. காரணம், அதே விதியில் ஒரு சலுகை உண்டு. மனிதன் மாற்றிவிட்ட சூழலுக்குப் பழகிக்கொண்டு வாழ்கிற உயிர்களாக இருந்தால், மனித சம்பந்தமான பொருள் படத்தில் இருக்கலாம். உதாரணத்துக்குக் கூகையையும் நாரையையும் சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நாரை வீட்டுப் புகைபோக்கியில் கூடு கட்டும், கூகை தானியக் களஞ்சியத்தில் குடியிருக்கும். சரி, நியாயம்தான். புகைபோக்கியில் நாரை உட்கார்ந்தால் இயற்கை, டிஷ் ஆண்டெனாவில் சோலைமந்தி உட்கார்ந்தால் இல்லையா? ஆண்டெனாவை வெட்டாமலே அனுப்பி இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று லென்ஸ் அண்ணன் சொன்னார். அவர் வாயிலிருந்து எண் இல்லாமல் வந்த ஒரே வாக்கியம் என்பதால் குறித்து வைத்திருக்கிறேன்.

மனித வாடையே இல்லாத படம் ஒன்றாவது எடுத்துவிடுவது என்று வைராக்கியம் பிறந்தது. மலை இருவாட்சியைத் தேடினேன். அத்தி பழுத்த மரத்துக்கு அது வரும். வருவதற்கு முன்னாலேயே சிறகுச் சத்தம் ரயில் எஞ்சின் மூச்சு வாங்குவது போலக் கேட்கும். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று மட்டும் விட்டு அடைகாக்கும். ஆண் மாதக்கணக்காக அந்தக் கீற்றின் வழியே பழம் ஊட்டும். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. "கேமரா தூக்கிட்டு அலையாதுங்களா அது?" என்று கேள்வி வந்தது. இருவாட்சி வந்தது, கிளையில் உட்கார்ந்தது, மஞ்சள் அலகில் வெயில் பட்டது. அலகுக்கும் எனக்கும் குறுக்கே, படத்தின் சரிபாதியில், ஒரு மின்கம்பி. ஓரத்தில் இருந்தால் வெட்டலாம். நடுவில் இருப்பதை வெட்டினால் இரண்டு அரை இருவாட்சி கிடைக்கும்.

சின்னக்கல்லாறு பக்கம் போய்ப் பார்த்தேன். தமிழ்நாட்டிலேயே மழை அதிகம் பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கே கம்பி இல்லை, கூரை இல்லை, தேயிலையும் இல்லாத ஒரு ஓரம் இருந்தது. மூடுபனியும் இருந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டு எதையும் பிடிக்க முடியாமல் தவித்தது. அந்த நேரத்தில் முழுக்க முழுக்கக் காட்டில் பிறந்து வளர்ந்த ஒரு உயிர், யாரும் கூப்பிடாமல் தானாக என்னிடம் வந்தது. மறைவு இல்லை, ஓட்டம் இல்லை, இரண்டரை மீட்டர் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் பையில் மேக்ரோ லென்ஸ் இருந்தது. அட்டை. குடித்துக் குடித்துப் பருத்து மின்னிக்கொண்டிருந்தது. முகம் எது, முதுகு எது என்றுதான் கொஞ்சம் குழப்பம். அற்புதமாக எடுத்து, பெரிய நம்பிக்கையோடு அனுப்பினேன். பதில் வந்தது: படத்தில் மனிதக் கால் இருக்கிறது. காலை வெட்டினால் பரிசீலிக்கலாம்.

யானையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வால்பாறையில் யானை வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிடும். இன்ன தோட்டத்தில் யானை நிற்கிறது என்று போனுக்குக் குறுஞ்செய்தி, உள்ளூர் டிவியில் கீழே ஓடும் எழுத்து, முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு. போனிலிருந்து அழைத்தே அந்த விளக்கை எரியவிடலாம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்த குமார் ஊர்க்காரர்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு இதைக் கொண்டுவந்தார். 2015-இல் அதற்காக அவருக்கு விட்லி விருது கிடைத்தது. பிளாஷ் பல்பும் ஆறடி டிரைபாடும் வைத்துக்கொண்டு யானையைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு உபயோகப்படாது, நல்லவேளையாக. கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் லைனுக்கு நடந்து போகிறவர்களுக்கு விளக்கு எரிகிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை. எரிந்தால் நின்றுவிடுவார்கள். யாரும் நிற்கச் சொல்லாமலே நிற்கிற அந்தக் கூட்டத்தோடு ஒருநாள் நானும் நின்றேன். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பையன் ஒருவன் விளக்கைக் காட்டி "ஹாத்தி" என்றான். பக்கத்தில் இருந்த பாட்டி "பெரியவரு" என்று திருத்தினார். யானை கண்ணுக்குத் தெரியவில்லை. நான் விளக்கைப் படமெடுத்தேன். கம்பம், சிவப்பு, மூடுபனி, கீழே காத்திருக்கிறவர்களின் முதுகுகள். எங்கள் குழுக் கூட்டத்தில் காட்டியபோது, "இதில் யானை எங்கே?" என்று கேட்டார்கள். அது அங்கே இருக்கிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு என்றேன். பிரிவு மாற்றி, 'இரவுக் காட்சிகள்' என்பதில் போட்டுவிட்டார்கள்.

சிறுத்தையைப் பற்றி நான் வேடிக்கையாக எழுதப் போவதில்லை. அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. "சிறுத்தை கிடைச்சுதா?" என்று மலையிலிருந்து இறங்குகிறவனைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு, இல்லை, நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரதியாக வைத்துக்கொள்கிறேன். வெட்டியது போட்டிக்கு, வெட்டாதது எனக்கு. வெட்டாதது தினுசாக இருக்கிறது. காட்டுமாட்டுக்குப் பின்னால் புகைபோக்கி, அதற்குக் கீழே கூடையோடு ஒரு பெண் மாட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். மந்திக்குப் பக்கத்தில் அக்காவின் குச்சி நுனி. வரையாட்டின் வலப்பக்கம் 9/40, இடப்பக்கம் சிப்ஸ் பாக்கெட். வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கிற வெட்டிய படத்தை "அருமை" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டு, ஆல்பத்தில் இருக்கிற வெட்டாத படத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். "இந்தப் பையன் சிப்ஸைக் குடுத்தானா இல்லையா?" என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அந்த வரையாட்டுப் படம்தான் கடைசியில் அச்சேறும் வரைக்கும் போனது. முழுப் படத்தை யாரோ வாட்ஸ்அப்பில் சுற்றவிட, அது எங்கெங்கோ போய், ஒரு நாள் அச்சகக்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. ஆர்டருக்கு ஒரு காலண்டர் அடிக்கிறாராம். அட்டைப்படத்துக்கு இதுதான் வேண்டுமாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இயற்கைக் காலண்டரா என்று கேட்டேன்.

"இல்லீங்க, சாலைப் பாதுகாப்புங்க. அந்த வளைவும் கறுப்பு வெள்ளைச் சுவரும் போர்டும் எத்தனை துல்லியமா விழுந்திருக்குது பாருங்க! இத்தன நாளா இப்படியொரு போட்டோவத்தான் தேடிட்டிருந்தோம்."

"ரொம்ப சந்தோஷமுங்க. அப்படியே போட்டுக்கங்க."

"போட்டுக்கலாமுங்க. ஒன்னே ஒன்னு மட்டும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "குறுக்கால ஒரு ஆடு நிக்குதுங்க. அத மட்டும் வெட்டிட்டு அனுப்ப முடியுங்களா?"